போட்ட பணம் திரும்ப வருமா?

எங்கள் காலத்தில் இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையை யாரும் அதிகம் சொன்னதில்லை. "எல்.ஐ.சி. போட்டிருக்கியா?" என்றுதான் கேட்பார்கள். 1956-ல் தேசியமயமானதிலிருந்து 2000 வரை பெரும்பாலோருக்கு வேறு கடை கிடையாதே! மார்ச் மாதம் ஏஜென்ட் ஆபீஸுக்கே வருவார். வருமான வரிக்காக ஒரு கையெழுத்து, பிரீமியத்தைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். இருபது வருஷம் கழித்து வரும் தொகை பெண்ணின் கல்யாணத்துக்கு உதவும். அதைச் சேமிப்பு என்றால் சரி. காப்பீடு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்றைய பிள்ளைகளும் அதையே செய்வதுதான் கவலையாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் ஒரு தம்பதி. அவனுக்கு 31 வயது, ஐ.டி. வேலை. குழந்தைக்கு இரண்டு வயது. வீட்டுக் கடன் 45 லட்சம். வருஷத்துக்கு 50,000 ரூபாய் கட்டுகிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குக் கிடைப்பது 10 லட்சம். வங்கிக் கடனை அடைக்கவே 35 லட்சம் துண்டு விழும். அதற்கப்புறம்தான் அரிசி, பால், ஸ்கூல் ஃபீஸ்.

ஒரு கோடிக்கு வெறும் டெர்ம் பாலிஸி எடுத்தால், சிகரெட் பழக்கம் இல்லாத அவன் வயதுக்காரனுக்கு அந்த 50,000-ல் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. சொன்னேன். "ஆனா அங்கிள், உயிரோட இருந்தா போட்ட பணம் திரும்ப வராதாமே?" என்றான்.

ஸ்கூட்டருக்கு வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். விபத்து நடக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று யாராவது போய் நிற்கிறோமா? உயிர் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு. இந்த ஆசை தெரிந்துதான் "பணம் திரும்ப வரும்" டெர்ம் பாலிஸியையும் விற்கிறார்கள். அதற்குப் பிரீமியம் நிறையவே கூடுதல். முப்பது வருஷம் கழித்து அந்த ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பதை நம் வயதுக்காரர்களிடம் கேட்டால் சொல்வோம்.

வருஷ வருமானத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு, அதோடு இருக்கிற கடன். சம்பாதிப்பவர் பெயரில், ஓய்வு பெறும் வயது வரை. இவ்வளவுதான் என் கணக்கு. குழந்தை பெயரில் எடுக்க வேண்டாம், குழந்தையின் சம்பளத்தை நம்பி யாரும் இல்லை. மனைவி வேலைக்குப் போகிறாள் என்றால் அவளுக்கும் கட்டாயம் வேண்டும்.

இனி, சாகாமல் படுத்துவிட்டால்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி பில்லை மெடிக்கல் பாலிஸி பார்த்துக்கொண்டது. வீட்டுச் செலவை யார் பார்ப்பது? சம்பளம் நின்றுபோன மாதங்களில் மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1967-ல் கேப் டவுனில் உலகின் முதல் இதய மாற்று சிகிச்சை செய்த குழுவில் இருந்த மேரியஸ் பர்னார்ட் என்ற டாக்டர் இதை யோசித்தார். பிழைத்து வீட்டுக்குப் போகிற நோயாளி பணத்தில் முறிந்துபோவதைப் பார்த்து, நோய் உறுதியானதும் மொத்தமாகத் தொகை தரும் பாலிஸியை 1983-ல் தென்னாப்பிரிக்காவில் கொண்டுவர வைத்தார். கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிஸி பிறந்தது அப்படித்தான்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் பொடி எழுத்தில் ஆள் ஏமாறுவதும் இதில்தான். 36 நோய், 64 நோய் என்று எண்ணிக்கையைக் காட்டுவார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, ஒவ்வொரு நோய்க்கும் அவர்கள் தரும் விளக்கம்தான் முக்கியம். புற்றுநோய் என்றால் பரவத் தொடங்காத ஆரம்ப நிலை பெரும்பாலும் சேராது. பைபாஸ் என்றால் பைபாஸ் அறுவை சிகிச்சைதான். ஆஞ்சியோபிளாஸ்டி அதில் வராது. பக்கவாதம் என்றால் அதன் பாதிப்பு குறைந்தது மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். பாலிஸி எடுத்து முதல் 90 நாளில் வந்த நோய்க்கு பொதுவாகப் பணம் இல்லை. பல பாலிஸிகளில், நோய் உறுதியானபின் 30 நாள் உயிரோடு இருக்கவும் வேண்டும்!

டெர்மோடு ரைடராகச் சேர்த்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோய்க்குத் தருகிற பணத்தை ஆயுள் காப்பீட்டுத் தொகையிலிருந்தே கழிக்கிறார்களா, தனியாகத் தருகிறார்களா? கழிப்பது என்றால், 25 லட்சம் நோய்க்கு வாங்கியவர் குடும்பத்துக்கு மிச்சம் 75 லட்சம்தான். எனக்குத் தனியாகத் தருவதே சரி என்று படுகிறது, விலை கொஞ்சம் கூடினாலும். இரண்டு மூன்று வருஷ வீட்டுச் செலவு அளவுக்கு இருந்தால் போதும்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பக் கூடாது, நீங்களே நிரப்புங்கள். சர்க்கரை, சிகரெட், அப்பாவின் இதய நோய் எதையும் மறைக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் தாண்டினால் கம்பெனி பாலிஸியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தால், மறைத்த பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியவள் மனைவி.

கல்யாணமான ஆண்கள் 1874-ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிஸியை எடுக்கலாம். மனைவி, குழந்தைகளுக்கான அந்தப் பணத்தில் கடன்காரரோ சொந்தக்காரரோ கை வைக்க முடியாது. தனிச் செலவு கிடையாது, ஒரு படிவம் கூடுதல். ஆனால் பாலிஸி எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.