பயணியின் பணப்பையும் பீலித் தண்ணீரும்

மலையகத்தின் தூய்மைக்கு விலை என்ன என்று வினவும் பொருளியலறிஞருக்கு இன்று ஆயத்தமான விடையொன்று உண்டு. எல்லை கடந்து வருவோர் இங்கு எவ்வளவு செலவழிக்கின்றனரோ அதுவே விலை. 2018 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களாற் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 438 கோடி அமெரிக்க டொலர். 2024 இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர். மாசு பெருகின் இத்தொகை அருகும். ஆதலின் மாசினைக் கட்டுப்படுத்தல் இலாபகரமானது என வாதம் செல்கின்றது. முடிவு நன்று. அம்முடிவுக்கு இட்டுச்செல்லும் வழியையே நாம் மறுக்கின்றோம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பயனை அளப்பதற்கு ஹரோல்ட் ஹொட்டெல்லிங் 1947 இல் ஒரு கடிதத்தில் யோசனையொன்று கூறினார். மாரியன் குளோசன் அதனை 1959 இல் வளர்த்தெடுத்தார். ஓரிடத்தை அடைவதற்கு மக்கள் செலவிடும் பணமும் நேரமும் அவ்விடத்தின் மதிப்பை உணர்த்தும் என்பது அதன் சாரம். நுட்பமான கருத்துத்தான். ஆயினும் பசறையிலிருந்து இதனைப் படிப்போருக்கு ஓர் ஐயம் எழாதிராது. நமுனுகுல மலைச்சாரலில் லயன் காம்பராவொன்றிற் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அம்மலையிலிருந்து இறங்கும் நீரையே பீலியிற் பிடித்துக் குடிக்கும் பெண், அந்நீரை அடையப் பயணச்சீட்டு வாங்குவதில்லை. அவளது பயணச் செலவு பூச்சியம். ஆகவே, இக்கணக்கின்படி அந்நீர் அவளுக்கு அளிக்கும் பயனும் பூச்சியமாகின்றது! அதே பெண் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றால் மட்டும் அவளும் புள்ளிவிபரத்தில் இடம்பெறுவாள். அதுவும் வேறொரு பத்தியில்.

இது வெறும் ஏட்டுத் தர்க்கமன்று. களைநாசினி விடயத்தை எடுத்துக்கொள்வோம். வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தின் விளைவாக 2015 இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. தோட்டங்கள் மாற்று மருந்துகளை நாடின. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ. தேயிலையில் அளவுக்கு மீறி இருப்பதாக யப்பான் ஆட்சேபித்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேற் தடை தளர்த்தப்பட்டது. அவ்விவாதத்தில் உரத்து ஒலித்தது ஏற்றுமதி இழப்பு. முதுகிற் கலனைச் சுமந்து மருந்தடிப்பவனின் நுரையீரலோ, மருந்தடித்த மலைக்குக் கீழேயுள்ள பீலியோ அன்று. மாசு யப்பானியனின் கோப்பையை எட்டியபோதே பொருளாதாரப் பிரச்சினையாயிற்று.

உற்பத்தியாளனின் ஏட்டில் ஏறாத செலவு பிறர் தலையில் விழுகின்றது என்பதனை ஆதர் பிகு 1920 இலேயே விளக்கினார். அப்பிறர் யாவர் என்பதே கேள்வி. பயணச் செலவையே அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வு, அவரை விமான நிலையத்திலே தேடுகின்றது. பதுளை நகரின் கழிவுநீரை ஏற்றுச் செல்லும் பதுளு ஓயாதான் துன்ஹிந்தவில் அருவியாக வீழ்கின்றது. அருவியைக் காண்போர் ஒரு மணி நேரம் நின்று படமெடுத்துத் திரும்புவர். ஆற்றங்கரையில் வாழ்வோர் திரும்பிச் செல்ல வேறிடம் இல்லை.

உல்லாசப் பயணத்தால் எல்லவிலும் தெமோதரையிலும் தொழில் கிடைக்கின்றதே என்பர். கிடைக்கின்றது, தோட்டத்து இளைஞர் சிலரும் அதனாற் பிழைக்கின்றனர். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் பயணிகளின் வருகை நிலையானதன்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2020 பெருந்தொற்றின் போதும் அது சரிந்தது. பயணி வராத ஆண்டில் மாசுக்கட்டுப்பாட்டின் பயனும் குறைந்துவிட்டதென இவ்வறிஞர் கூறுவரா? பீலித் தண்ணீரை அவ்வாண்டிலும் மக்கள் குடித்தனரே.

வேறு அளவுகோல்கள் பொருளியலில் இல்லாமலில்லை. நோயால் இழந்த வேலைநாட்களைக் கணிக்கலாம். மருந்துக்கும், நீரைக் காய்ச்சும் விறகுக்கும், தொலைவிலிருந்து குடம் சுமக்கும் நேரத்துக்கும் விலையிடலாம். இவற்றுக்கு வேண்டிய தரவு மத்திய வங்கியின் அறிக்கையில் ஆயத்தமாக இராது. மலையேறித் திரட்டல் வேண்டும். நமது பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர் பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குச் சென்று, மருந்தடிப்புக்கு முன்னும் பின்னும் பீலிநீரைச் சோதிப்பித்து, லயன் லயனாக அக்கணக்கை எடுக்கட்டும். எல்லவின் ஹொட்டேல் அறைகளை அதன் பின்னர் எண்ணலாம்.