தொண்டுக்குக் கூலியா?

கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கும், கடற்றொழிலாளர் சங்கத்துக்காக ஊரூராய் அலையும் அமைப்பாளருக்கும் மாதப்படி வழங்குதல் தகுமா என்னும் வினா நமது திருமலை மாவட்டத்திலே எழும்போதெல்லாம், "தொண்டுக்குக் கூலியா?" என்ற ஒரு கேள்வியால் அது அடக்கப்பட்டுவிடுகின்றது. கேள்வி அழகியதே. ஆயின் அதனைக் கேட்போர் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுவோரும், நம்மைப் போலக் கறுப்பங்கி அணிந்து பொருளீட்டுவோருமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

தம்பலகாமத்துக் கமக்காரன் ஒருவன் உரப்பட்டியலுக்காகக் கமநல சேவை நிலையத்துக்கும், வாய்க்கால் திருத்தத்துக்காக நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், அதன்பின் கச்சேரிக்கும் அலைந்தால், அன்று அவன் வயலிலே களை நிற்கும். மூதூர்க் கடற்றொழிலாளி கூட்டத்துக்கு வந்தால், தோணி கரையிலே கிடக்கும். பஸ் கட்டணமும் அவன் மடியிலிருந்தே. இந்நிலை நீடிப்பின், சங்கங்களை உள்ளவர்களே நடத்துவர். இல்லாதவன் கைதட்டுவதற்கு மட்டுமே வருவான்.

பணி செய்தோர்க்குப் படியளத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கோணேசர் கோயிற் பணிக்கெனத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் குடியமர்த்திய குளக்கோட்டன், அவர்க்கு நிலமும் வகுத்தளித்தான் என்பது கோணேசர் கல்வெட்டு கூறும் மரபு. வட்டவிதானையார் விளைவில் ஒரு பங்கு பெற்றார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை நிறுவியபோது, ஏக்கர் வரி அறவிடும் அதிகாரத்தையும் அவற்றுக்கு வழங்கிற்று. வெறுங்கையால் முழம் போட முடியாதென்பதைச் சட்டமியற்றியோரும் அறிந்திருந்தனர்.

காந்தியடிகள் 1894இல் நேற்றாலிலே பொதுப்பணிக்குப் பணம்பெற மறுத்தாரே என்பர். உண்மையே. ஆயின் ஏறக்குறைய இருபது வணிகர் தம் சட்ட அலுவல்களை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்து முன்பணம் அளித்ததனாலன்றோ அவர் அங்குத் தங்கியிருக்க முடிந்தது! தம்பலகாமத்துச் செயலாளனுக்கு அத்தகைய கட்சிக்காரர் எங்கே?

எதிர்வாதத்திலே மெய் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரைக்கு வந்த துயர்துடைப்பு நிறுவனங்கள் பல, ஊர்த் தொண்டர்க்குப் படி கொடுத்தன. திட்டம் முடிந்தது, படி நின்றது, பல இடங்களிலே தொண்டும் நின்றது. அங்கே தொண்டன் ஊருக்கன்று, பணம் தந்தவனுக்கே கணக்குச் சொன்னான். நாம் அஞ்சுவது இதனையே. ஆதலின் படி வெளியார் பணத்திலிருந்து வரலாகாது. உறுப்பினர் சந்தாவிலிருந்தே வருதல் வேண்டும்.

நம்பிக்கைப் பொறுப்பாளன் தனக்குத் தானே ஊதியம் எடுத்துக்கொள்ளலாகாது, பொறுப்பினை ஆக்கிய ஆவணம் அனுமதிப்பின் பெறலாம் என்பது சட்டத்தின் பழைய நெறி. சங்கங்களுக்கும் அதுவே போதும். தலைவருக்கும் நிருவாக சபையினருக்கும் படி வேண்டாம். பதவிக்கு விலை வைத்தால் அதற்கு ஏலமும் வந்துவிடும். ஊரூராய் அலைபவனுக்கு மட்டும், அலைந்த நாளுக்கு, ஒரு வயற்கூலிக்கு மேற்படாத தொகையைப் பொதுக்கூட்டத் தீர்மானத்தாலே வழங்குக. அதனை ஆண்டறிக்கையிலே பெயருடன் வாசித்துக் காட்டுக. இன்று "செலவு" என்னும் தலைப்பின்கீழ் மறைந்துபோகும் சில்லறைகளைவிட அது குறைவாகவே இருக்கும் என்பது நமது அனுபவம்.

பெரும்போக அறுவடையின் பின் கூடும் பொதுக்கூட்டங்களிலே, ஏக்கருக்கு இத்தனை கொத்து நெல் எனத் தீர்மானம் வருமாயின், அதனை எதிர்க்கும் உரிமை எவர்க்கும் உண்டு. எதிர்க்க எழுவோர், செயலாளனின் ஒரு மாதத்துப் பஸ் சீட்டுகளை முதலில் வாங்கி எண்ணிப் பார்க்கட்டும்.