கையில் இருக்கும் ஆடு

கோயில் மண்டபக் கல்தரைகளில் இன்றும் காணலாம், ஆடு புலி ஆட்டக் கட்டத்தை. காஞ்சிபுரம் வாசகி ஒருவருக்கு அதில் ஒரு சந்தேகம்: "கையில் ஆடுகள் மிச்சமிருக்கும்போதே, கட்டத்தில் வைத்த ஆட்டை நகர்த்தலாமா?"

கூடாது, அம்மணி! 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும் வரை ஓர் ஆடும் அசையக்கூடாது. 3 புலிகள் மட்டும் தாராளமாக உலாவலாம்.

"இது என்ன நியாயம்?" என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். புள்ளிகள் மொத்தம் 23. ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால், புலிகளுக்கு மிச்சம் ஐந்தே புள்ளிகள்! முதுகுக்குப் பின்னால் துணை நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது. ஆகவே ஓட நினைக்காமல் ஒட்டி நிறுத்துங்கள்.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜயம் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் நான்காவது புலி ஒன்று கிளம்பிவிடும்!