விசாரணை இல்லாத ஓராண்டு

ஜாமீன் கிடைத்துவிடும் என்று வீட்டார் காத்திருக்கும் நேரத்தில் சிறைக்குள்ளேயே இன்னோர் உத்தரவு வந்துசேரும். ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்ற ஒரே வரியில் ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். மாநகரக் காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ பிறப்பிக்கும் அந்த உத்தரவின் பலத்தில் ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைத்திருக்கலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஏழு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டிய அறிவுரைக் குழுமத்தின் முன்பு வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் இல்லை. குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான் இயங்குகிறது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய அதன் பட்டியலில் பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

விசாரணையின்றி அடைத்துவைக்கும் இந்தத் தடுப்புக் காவல் அரசமைப்புக்கு எதிரானது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அரசமைப்பே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கைதானவர் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்பு நிறுத்தப்பட வேண்டும், விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று 22-ஆவது கூறு சொல்கிறது. அடுத்த வரியிலேயே, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இவை பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது.

அரசமைப்பு அவையில் உட்கார்ந்து இதை எழுதியவர்களில் பலர், வெள்ளையர் ஆட்சியில் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள். 1919-இன் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொதித்தது அவர்களுக்கு மறந்திருக்காது. ஆனால், பிரிவினையின் ரத்தமும் தெலங்கானாவின் ஆயுதப் போராட்டமும் அப்போது கண்முன்னே இருந்தன. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையில் ‘உரிய நீதி நெறி’ என்ற நிபந்தனை கைவிடப்பட்டு, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ போதும் என்றானது. அந்த இழப்பை ஓரளவாவது ஈடுகட்டத்தான் 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இந்த 22-ஆவது கூறைக் கொண்டுவந்தார். காவலுக்கான காரணத்தைக் கைதிக்குச் சொல்லியாக வேண்டும். அதை மறுத்து முறையிட அவருக்குச் சீக்கிரமே வாய்ப்பும் தர வேண்டும். தடுப்புக் காவல் கைதிக்கு அரசமைப்பு விட்டுவைத்த பாதுகாப்பின் உயிர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரி 26 அன்று, மத்திய அரசின் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாநிலத்தில் ஏற்கெனவே சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மீது மார்ச் 1 அன்று அது பாய்ந்தது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை; நீதிபதி ஃபசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நம்பியாரின் வாதம் வெல்ல 1978-இல் மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது. ஆனால், கோபாலன் தோற்ற அதே தீர்ப்பில் ஒன்றை நாம் கவனிக்கத் தவறுகிறோம். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றது அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அதை நீதிபதிகள் செல்லாது என்றார்கள். காரணம் சொல்லாமல் காவலில் வைக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை என்பது அன்றே உறுதியாயிற்று.

குண்டர் சட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்யும்போதெல்லாம், ‘தொழில்நுட்பக் காரணத்தால் தப்பிவிட்டார்’ என்று ஒரு குரல் எழுகிறது. கொடுத்த நகலைப் படிக்க முடியவில்லை, ஆவணம் அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை, முறையீட்டை அரசு நாள் கணக்கில் கிடப்பில் போட்டது – இவையே அந்தக் காரணங்கள். இவற்றை அற்பம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கறிஞரும் விசாரணையும் மறுக்கப்பட்டவருக்கு மிச்சமிருப்பது அந்தத் தாள்தான். அதைப் படிக்க முடியாவிட்டால் எதை மறுத்து முறையிடுவார்?

இந்தச் சட்டம் ரவுடிகளோடு நின்றுவிடவும் இல்லை. 2017 மே மாதம் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற செயற்பாட்டாளர் திருமுருகன் காந்தி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? ஆட்கொணர்வு மனு அரசமைப்பு தந்த மிகக் கூர்மையான ஆயுதம். ஆனால், அதன் தீர்ப்பு வருவதற்குள் காவலின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. உத்தரவிட்ட அதிகாரிக்கோ ‘நல்லெண்ணத்தில் செய்தது’ என்ற சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

சாட்சிகள் மிரட்டப்படுகிறார்கள், ஜாமீனில் வந்தவர் மறுபடி வெட்டுகிறார் என்று காவல் துறை சொல்வதில் உண்மை உண்டு. அப்படிச் செய்பவரின் ஜாமீனை ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. வழக்கமான சட்டமே போதுமென்றால் தடுப்புக் காவலை நாடக் கூடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ரேகா வழக்கில் 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கை விரைந்து நடத்த முடியாத பலவீனத்தை மறைக்கத் தடுப்புக் காவல் துணைபோகக் கூடாது.

நெருக்கடிநிலையின்போது, 1976-இல், உயிருரிமைக்காகக்கூட நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போனது. அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் 1978-இன் 44-ஆவது திருத்தம். அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் இல்லாமல் காவலில் வைக்கும் காலத்தை அது மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. பணியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியே குழுமத்துக்குத் தலைமை தாங்க வேண்டும், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே குழுமம் அமைய வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்தப் பிரிவை எந்தக் கட்சியின் மத்திய அரசும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

அதற்கு நாடாளுமன்றம் மறுபடி வாக்களிக்கத் தேவையில்லை. ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும். தமிழ்நாடு அரசும் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்புக் காவல் கைதி குழுமத்தின் முன்பு வழக்கறிஞரோடு நிற்கலாம் என்று சட்டமன்றமே தன் சட்டத்தைத் திருத்தலாம். எத்தனை உத்தரவுகள் ரத்தாயின, கைதானவர் அதுவரை எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பதை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்லலாம்.