கட்டையும் கதையும்

கொடைக்கானலுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரில் கூக்கால் என்னும் சிற்றூர் உள்ளது. மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டிய நிலங்களும், ஓர் ஏரியும், அடர்ந்த சோலைக்காடும் அவ்வூர்க்கு அணி செய்கின்றன. அங்கு வளரும் சிறுமி ஒருத்தியின் முன் விளையாட்டுக் கட்டைகளைப் பரப்பினால், அவள் வீடொன்று கட்டுவாள். அவ்வளவில் விட்டால் அது வெறும் அடுக்கே. "இவ்வீட்டில் வாழ்பவர் யாவர்? மழையால் பாதை சரிந்துவிட்டால் அவர்தம் பூண்டு மூட்டைகள் சந்தைக்குச் செல்வது எங்ஙனம்?" என்று மூத்தோர் ஒருவர் வினவட்டும், அடுக்கு கதையாகிவிடும்.

கட்டிய ஒன்றுக்கு இடையூறு நேரும்போதே கதை பிறக்கிறது. இதனைத் தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். மணலிலே சிறுமியர் கட்டும் சிறு வீட்டைச் சிற்றில் என்பர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிலும் ஒன்று. காலால் அதனை அழிக்க வரும் குறும்பனை நோக்கி, 'அழியாதே' என்று சிறுமியர் வேண்டுகின்றனர். தாம் மணல் கொழித்ததையும் பாடுபட்டுக் கட்டியதையும் எடுத்துரைக்கின்றனர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் இவ்வேண்டுகோளே. வீடு மணல்தான், ஆயினும் அது சிதையும் என்ற அச்சம் எத்துணைச் சொற்களை வரவழைக்கிறது!

இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, கொடைக்கானலிலே தங்கினார். அவர் அமைத்த இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை அளவுடைய 10 கட்டைகள் உண்டு. பெரிது சிறிது அறியவும், கண்ணும் கையும் ஒன்றிப் பழகவும் அது நல்ல கருவி. ஆயின், இளங்குழந்தைகளின் பாவனை விளையாட்டை அம்மையார் பெரிதும் விரும்பினாரல்லர். அவ்வொன்றில் மட்டும் சிற்றில் பாடிய புலவர் பக்கமே நிற்றல் தகும்.

டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமை கோரிய கட்டைகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. எட்டுக் குமிழ் உடைய ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் என்று கணக்கிட்டுள்ளனர். இருந்தும், பெட்டியின்மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து, அந்த ஒரு வகையையே கட்டி முடிக்கும் சிறுவர் பலர். கட்டுரைகளை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் மாணவர் நிலையும் இதுவே. வீட்டிலே ஓயாது பேசும் பிள்ளை, வகுப்பிலே சொந்தமாக நான்கு வாக்கியம் சொல்ல நாணுகிறது.

விலை மிகுந்த கட்டைகள் இல்லையே என்று கூக்கால் சிறுவர் வருந்த வேண்டுவதில்லை. வெற்றுத் தீப்பெட்டிகளும் ஏரிக்கரைக் களிமண்ணும் போதும். அருகில் அமர்ந்து, "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கும் அண்ணனோ அக்காளோ வேண்டும், கேட்டபின், விடை வரும்வரை வாய் திறவாதிருக்கும் பொறுமையும் வேண்டும்.