ஈரக் காற்றும் வீட்டுக் குளிர்சாதனமும்

குன்னத்துகால், பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களில் கோடைதோறும் ஒரு கேள்வி எழுகின்றது. வீட்டிற்குக் குளிர்சாதனம் வாங்குவதாயின், அறைக்கு அறை உருட்டிச் செல்லும் வகை ஏற்றதா, சுவரில் நிலையாகப் பொருத்தும் வகை ஏற்றதா என்பதே அது. ஆசிரியர்களிடமும் களப் பணியாளர்களிடமும் யோசனை கேட்போர் பலர். ஒரே கருவி எல்லா அறைக்கும் உதவுமே என்று முதல் வகையை விரும்புவது இயல்பு. ஆயினும் இவ்வட்டாரத்தின் சீதோஷ்ண நிலைக்கு அது பொருந்தாது என்பது எமது கருத்து.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் மக்களை வாட்டுவது உஷ்ணத்தைக் காட்டிலும் காற்றிலுள்ள ஈரமே. வியர்வை எளிதில் உலர்வதில்லை. (நீர் ஊற்றி இயக்கும் ஏர் கூலர் ஈரத்தை மேலும் கூட்டும், அதனைக் குளிர்சாதனம் என்று எண்ணி ஏமாறுதல் கூடாது.) 1902-ல் வில்லிஸ் காரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தமது அமைப்பை வகுத்ததும் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே.

உருட்டும் கருவிகளுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரே குழாய்தான் உண்டு. அறைக் காற்றையே இழுத்து, அதில் வெப்பத்தை ஏற்றி வெளியே தள்ளுகின்றது. வெளியேறிய அளவு காற்று கதவிடுக்கு வழியாகவும் காற்றுத் துளைகள் வழியாகவும் உள்ளே புகுந்தே தீரும். மணிக்கு 300 கன மீட்டர் வெளியேறுவதாகக் கொள்வோம். வெளியே 32 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருப்பின், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அறையை 26 பாகையிலும் 55 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டின் 14 கிராமுக்குமேல் இருத்தலாகாது. ஆகவே மணிக்கு 3 கிலோகிராம் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும்; அதற்குமட்டும் சுமார் 2 கிலோவாட் குளிராற்றல் செலவாகும். ஒரு டன் கருவியின் மொத்த ஆற்றலே 3.5 கிலோவாட்! மேல்வகுப்பு மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சிக் கணக்கு.

இன்னொரு இடையூறும் உண்டு. குழாயுடன் வரும் பலகை பெரும்பாலும் நகர்த்தும் சன்னலுக்கென அமைந்தது. நம் வீடுகளிலோ கம்பி பதித்து, வெளிப்புறம் திறக்கும் கதவிட்ட சன்னல்களே மிகுதி.

நிலையான வகையில் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி வெளிச்சுவரில் இருப்பதால் அறைக் காற்று வெளியே தள்ளப்படுவதில்லை. சுவரைத் துளைக்க வேண்டும், பொருத்துக் கூலி உண்டு என்பன மெய்யே. எனினும் முதியோரோ குழந்தைகளோ உறங்கும் ஓர் அறையைத் தேர்ந்து, சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளை அடைத்துப் பொருத்தினால் போதும். நட்சத்திரக் குறி பெற்ற குளிர்சாதனங்கள் 2020 முதல் 24 பாகையைத் தொடக்க நிலையாகக் கொண்டு வருகின்றன. அதற்குக் கீழே இறக்க வேண்டிய தேவை அரிது.

மின்கட்டணத்தையும் கருதவேண்டும். கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், மிகுதிக்கு மட்டுமன்றி முழு உபயோகத்திற்கும் உயர்ந்த ஒரே விகிதம் விதிக்கப்படுகின்றது. வீண்போகும் குளிர் ஒரு குடும்பத்தை இவ்வரம்புக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும். 1956-ல் வகுத்த எல்லைக்கு அப்பால், விளவங்கோடு வட்டத்தில் கட்டண முறை வேறு. காற்றின் ஈரத்தில் பெரிய வேற்றுமை இல்லை.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாவிடில் என் செய்வது? அப்போது இரு குழாய் உள்ள உருட்டும் கருவியைத் தேடலாம். அது வெளிக்காற்றை ஒரு குழாயால் இழுத்து மற்றதால் வெளியேற்றுவதால் மேற்கூறிய இழப்பு பெரிதும் குறையும். கடையில் பின்புறத்தைத் திருப்பி, குழாய்வாய் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.