பத்திரம் ஆதரவாளர் பேரிலேயே இருக்கட்டும்: செல்சியின் மைதான மாற்றம் பற்றி எங்கள் நிலைப்பாடு

செல்சி கால்பந்து கிளப் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜை விட்டு வேறு மைதானத்துக்குப் போவதை எங்கள் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. எங்கள் நிபந்தனை ஒன்றுதான். இப்போதைய மைதானத்தின் நில உரிமையை ஆதரவாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதே நாளில், அதே மேசையில், புதிய மைதானத்தின் நில உரிமையும் அவர்கள் பேருக்கு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதித் தராத எந்தத் திட்டம் வந்தாலும், அது இப்போது பேசப்படும் எர்ல்ஸ் கோர்ட்டாக இருந்தாலும் வேறு எந்த இடமாக இருந்தாலும், ‘வேண்டாம்’ என்று வாக்களிக்கும்படி எங்கள் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் லண்டனில் வாழும் தமிழ் ஆதரவாளர்கள். இந்த விவகாரம் ஆங்கிலத்தில் வேண்டிய மட்டும் பேசப்படுகிறது. தமிழில் ஏன் ஓர் அறிக்கை என்று சிலர் கேட்டார்கள். எங்கள் வீடுகளில், மைதான நிலத்தை வைத்திருக்கும் ஆதரவாளர் நிறுவனமான ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ பங்குப் பத்திரம் பெரும்பாலும் அப்பா பேரிலோ மாமா பேரிலோதான் இருக்கிறது. ஒரு காலத்தில் நூறு பவுண்டு கொடுத்து வாங்கி, கண்ணாடி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிய காகிதம் அது. பிள்ளைகள் அதை நினைவுப் பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருடா வருடம் வரும் கூட்ட அறிவிப்பு, சட்ட ஆங்கிலத்தில் பல பக்கம் ஓடுவதால், பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அந்தக் காகிதம் ஒரு வாக்கு. அதைப் பெரியவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லவே இந்த அறிக்கை.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் செல்சியைவிட மூத்தது. தடகள மைதானமாக அது திறக்கப்பட்டது 1877இல். அதை வாங்கிய கஸ் மியர்ஸ் என்ற தொழிலதிபர், இங்கே வந்து ஆடுங்கள் என்று பக்கத்து ஃபுல்ஹம் கிளப்பை அழைத்தார். வாடகை கட்டுப்படியாகாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். மைதானம் சும்மா கிடக்கிறதே என்று அவர் 1905இல் ஒரு புதுக் கிளப்பைத் தொடங்கினார். அதுதான் செல்சி. கிளப் தனக்கு மைதானம் தேடிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். இங்கே மைதானம் தனக்கு ஒரு கிளப்பைத் தேடிக்கொண்டது.

நிலமும் கிளப்பும் பிரிந்தால் என்ன நடக்கும் என்பதைச் செல்சி ஆதரவாளர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1970களில் கட்டிய கிழக்கு ஸ்டாண்டின் செலவு கிளப்பைக் கடனில் மூழ்கடித்தது. 1982இல் கென் பேட்ஸ் கிளப்பை வாங்கியபோது கொடுத்த விலை ஒரு பவுண்டு. அந்த ஒரு பவுண்டில் நிலம் சேரவில்லை. நிலம் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. அங்கிருந்து அது மார்லர், கப்ரா என்று கட்டுமான நிறுவனங்களின் கைக்கு மாறியது. மைதானத்தை இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டுவதுதான் அவர்கள் கணக்கு. பத்து வருடம் வழக்கும் நோட்டீஸுமாக ஓடியது. மைதானத்தைக் காப்பாற்ற ரசிகர்கள் வாளி ஏந்திக் காசு திரட்டினார்கள். கடைசியில் காப்பாற்றியது வாளியும் அல்ல, வக்கீலும் அல்ல. லண்டன் மனை விலை சரிந்து, 1992இல் கப்ரா திவாலானது. அதிர்ஷ்டம் என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

அடுத்த தடவை அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது என்று 1993இல் அமைக்கப்பட்டதுதான் செல்சி பிட்ச் ஓனர்ஸ். அதன் ஏற்பாடு எளிமையானது. பங்கு ஒன்று நூறு பவுண்டு. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு நூறு வாக்குக்கு மேல் கிடையாது. ஆக, பணக்காரர் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது. கிளப் தரப்பிலிருந்தே கிடைத்த சுமார் ஒரு கோடி பவுண்டு கடனைக் கொண்டு இந்த நிறுவனம் 1997இல் மைதான நிலத்தை வாங்கியது. பிறகு அதைக் கிளப்புக்கே 199 வருடக் குத்தகைக்கு, பேருக்கு ஒரு வாடகையில், திருப்பிக் கொடுத்தது. கூடவே ‘செல்சி கால்பந்து கிளப்’ என்ற பெயரையும் இந்த மண்ணோடு கட்டிப்போட்டார்கள். பங்குதாரர் சம்மதம் இல்லாமல் முதல் அணி வேறிடத்தில் போய் ஆடினால், அந்தப் பெயரில் ஆட முடியாது. இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் ரசிகர்கள் கையில் இவ்வளவு உறுதியான ஒரு பிடி இருப்பது மிக அபூர்வம்.

2011 அக்டோபரில் கிளப் இந்தப் பிடியைத் திரும்பக் கேட்டது. போட்ட பணத்தைத் தருகிறோம், நிலத்தைக் கொடுங்கள் என்றது. 2020க்கு முன் இடம் மாறினால் மூன்று மைலுக்குள்தான் போவோம் என்ற உறுதிமொழியும் வந்தது. 2020க்குப் பிறகு எத்தனை மைல் என்று கேட்டால் பதில் இல்லை. அக்டோபர் 27 அன்று வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானம் நிறைவேற 75 சதவீதம் தேவை. கிடைத்தது 61.6 சதவீதம். பெரும்பான்மையினர் விரும்பியதை ஒரு சிறுபான்மை தடுத்துவிட்டது என்று இன்றைக்கும் குறை சொல்பவர்கள் உண்டு. எங்கள் சங்கத்திலேயே அன்று ‘சரி’ என்று வாக்களித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிளப்பின் எதிரிகள் அல்ல. ஆனால் பரம்பரை வீட்டை விற்கப் பாதிப் பேர் சம்மதம் போதும் என்று யாரும் சொல்வதில்லை. 75 என்ற எண் அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

“இந்தப் பங்குக் கம்பெனியால்தான் மைதானமே வளரவில்லை” என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். நடந்தது வேறு. ஹெர்சோக் – டி மியூரான் என்ற புகழ்பெற்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் வரைந்த 60,000 இருக்கை மைதானத் திட்டத்துக்கு 2017 ஜனவரியில் உள்ளூராட்சி மன்றம் அனுமதி தந்தது. அதே இடம், அதே நில உரிமை. அப்போதும் பத்திரம் ஆதரவாளர் பேரில்தான் இருந்தது. 2018 மே மாதத்தில் அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டது கிளப்தான். முதலீட்டுச் சூழல் சரியில்லை என்றார்கள். அன்றைய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் பிரிட்டிஷ் விசா புதுப்பிக்கப்படாமல் இழுபறியில் இருந்த நேரம் அது. அனுமதியும் 2020இல் காலாவதியானது. இதில் பங்குதாரர்கள் செய்த குற்றம் என்ன?

அதைவிடப் பெரிய பாடம் 2022இல் வந்தது. மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு அப்ரமோவிச் மீது பொருளாதாரத் தடை விதித்தது. ஒரே நாளில் கிளப்பின் கை கட்டப்பட்டது. சிறப்பு உரிமம் வாங்கித்தான் ஆட்டமே ஆட வேண்டிய நிலை. புதிதாக டிக்கெட் விற்க முடியவில்லை, கடையில் ஒரு ஜெர்சி விற்க முடியவில்லை. 250 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது மே மாத இறுதியில். அதற்கு முன் பல வாரம், யார் வாங்குவார், வாங்கி என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரங்களில் நாங்கள் பயந்த விஷயங்களின் பட்டியல் நீளம். மைதானம் அந்தப் பட்டியலில் இல்லை. 2011இல் பத்திரத்தைக் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்தே ஏலத்துக்கு வந்திருக்கும்.

இப்போது மாற்றம் வேண்டும் என்பவர்களின் பக்கம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் சுமார் 40,000 பேர்தான் உட்காரலாம். ஆர்சனலிடம் 60,000க்கு மேல், டாட்டன்ஹமிடம் 62,000க்கு மேல். ஒரு பக்கம் ரயில் பாதை, அருகிலேயே பிராம்ப்டன் மயானம், முன்னால் ஃபுல்ஹம் ரோடு என்று மூன்று பக்கமும் நெருக்குகிறது. எங்கள் கூட்டங்களில் இந்த விவாதம் பெரும்பாலும் வயதை ஒட்டிப் பிரிகிறது. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பெரியவர்கள் தங்கள் நாற்காலியை நினைத்துப் பேசுகிறார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டியும் டிக்கெட் கிடைக்காத இளைஞர்கள் வாசலில் நின்று பேசுகிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆட்டத்துக்குப் போக முடியாதவரிடம் போய், “இந்த மண்ணின் மகிமை தெரியுமா” என்று கேட்பது அழகல்ல.

மண்ணின் மேல் எங்களுக்குப் பற்று இல்லாமல் இல்லை. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் ஷெட் முனையில் உள்ள பெனால்டி புள்ளிக்குக் கீழே பீட்டர் ஆஸ்குட்டின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. 1970இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியின் நாயகன் அவர். பெனால்டி உதைக்க ஒரு வீரர் பந்தை அங்கே வைக்கும்போது, பழைய ரசிகர்கள் ஒரு கணம் தரையைப் பார்ப்பார்கள். புல்டோசர் வந்தால் அவரை எங்கே கொண்டுபோவது என்று கேட்டார் ஒரு மூத்த உறுப்பினர். யாரிடமும் பதில் இல்லை. ஆனாலும் பற்று மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து. எவர்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை 2025இல் விட்டு, மெர்சி நதிக்கரையில் கட்டிய புது மைதானத்துக்குப் போனது. லிவர்பூல் நகரத்துக்குள்ளேயே, தன் சொந்த மைதானத்துக்கு. பழைய மைதானத்தை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தது. இடம் மாறுவதை மரியாதையோடும் செய்யலாம்.

மரியாதை இல்லாமல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் கவன்ட்ரி கிளப். 1899 முதல் ஆடிய ஹைஃபீல்ட் ரோடை 2005இல் விட்டு, நகரத்தின் வடக்கு எல்லையில் பளபளப்பான புது அரங்குக்குப் போனார்கள். அரங்கு கிளப்புக்குச் சொந்தம் இல்லை, வாடகை. வாடகைத் தகராறு முற்றி, 2013இல் கிளப் நார்த்தாம்ப்டன் ஊருக்குப் போய் ஆடியது. சொந்த அணியின் ‘சொந்த மைதான’ ஆட்டத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். பல ரசிகர்கள் டிக்கெட் வாங்க மறுத்து, அரங்குக்கு வெளியே இருந்த ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்தார்கள், 2019இல் மறுபடி வெளியேறி இரண்டு சீசன் பர்மிங்ஹமில் ஆடினார்கள். இடையில் அரங்கை ஒரு ரக்பி கிளப் வாங்கியது, அதுவும் நொடித்தது. கவன்ட்ரி கிளப் தன் அரங்கைத் தானே வாங்க 2025 ஆனது. இருபது வருடம்.

வெஸ்ட் ஹாம் கதை உங்களுக்கே தெரியும். 112 வருட மைதானத்தை விட்டு ஒலிம்பிக் அரங்குக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனார்கள். ஓட்டப் பாதைக்கு அப்பால் உட்கார்ந்து, கோல் விழுந்ததைப் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அங்கே போய்வந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

எர்ல்ஸ் கோர்ட் விஷயத்துக்கு வருவோம். தூரம் பெரிதல்ல. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஃபுல்ஹம் பிராட்வேயிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். பழைய கண்காட்சி அரங்கம் இடிக்கப்பட்ட சுமார் நாற்பது ஏக்கர் நிலம் அது. மேற்கு லண்டனில் இதைவிடப் பொருத்தமான காலி மனை கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த நிலத்தின் உரிமையாளர்கள் முன்வைத்த திட்டத்தில் வீடும் அலுவலகமும் பூங்காவும்தான் இருக்கின்றன, மைதானம் இல்லை. நிலத்தில் லண்டன் போக்குவரத்து ஆணையத்துக்கும் பங்கு உண்டு. ஆக, அங்கே மைதானம் வந்தால் செல்சிக்குக் கிடைக்கப்போவது முழு உரிமையா, நீண்ட குத்தகையா, கூட்டுச் சொத்தில் ஒரு மூலையா? எங்கள் முதல் கேள்வி இதுதான். வரைபடத்தையும் கூரையின் வடிவத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவது எங்களுக்குப் பிடித்த வழி. அதற்கென்றே கிளப் 2023இல் பக்கத்திலுள்ள ஸ்டோல் அறக்கட்டளையின் 1.2 ஏக்கரை ஏறக்குறைய 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. முன்னாள் படைவீரர்கள் குடியிருந்த இடம் அது, அவர்களுக்கு மாற்று வீடு ஒழுங்காகக் கிடைப்பதை உறுதிசெய்வது கிளப்பின் கடமை. ஆனால் இடித்துக் கட்டினால் சில வருடம் வேறெங்காவது ஆட வேண்டும். அந்த நாடோடி வாழ்க்கை எத்தனை சீசன் என்பதையும் கிளப் எழுத்தில் தர வேண்டும். பெயர் விஷயத்தில், தற்காலிக மைதானத்துக்குப் பங்குதாரர்கள் காலவரம்போடு சம்மதம் தரலாம், காலவரம்பு இல்லாமல் தரக் கூடாது.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. கூடுதலாக வரும் இருக்கைகள் விருந்தினர் அறைகளாகவும் சாப்பாட்டுடன் சேர்த்து விற்கும் உயர்விலைத் தொகுப்புகளாகவும் மாறிவிட்டால், வாசலில் நிற்கும் எங்கள் இளைஞர்களுக்கு எதுவும் மிஞ்சாது. சாதாரண விலை இருக்கை எத்தனை என்பது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும், பத்திரிகைக் குறிப்பில் அல்ல.

இப்போதைய உரிமையாளர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. 1982 முதல் கிளப் மூன்று கை மாறிவிட்டது, நான்காவது கையும் ஒருநாள் வரும். அவர் யார் என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. பத்திரம் அவரை மனதில் வைத்து எழுதப்பட வேண்டும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே வீட்டிலுள்ள பங்குப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகவரி பழையதானால் நிறுவனத்துக்கு எழுதி மாற்றுங்கள். பங்கு வைத்திருந்தவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசு பேருக்கு மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். வாக்கெடுப்பு அறிவித்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. உங்கள் சார்பில் இன்னொருவர் வாக்களிக்கும் படிவம் தபாலில் வந்தால், விவரத்தைப் பூர்த்தி செய்யாமல் வெறும் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். புரியவில்லை என்றால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறோம்.